குறைந்த செலவில் தோல் பராமரிப்புப் பொருட்கள்: உங்களுக்கும் பரிசுக்கும் வாங்குவது எப்படி? சென்னைக்கான முழுமையான வழிகாட்டி

சொந்தக்காரப் பெண்களுக்கும் கூட வேலை பார்ப்பவர்களுக்கும் பல வருடமாக இந்தச் சாமான்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்து வருகிறேன். வீட்டு விசேஷங்களுக்கு ரிட்டர்ன் கிஃப்ட் பை போடும் பொறுப்பும் என்னிடம்தான் வரும். புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதலில் கடைக்குப் போகிறார்கள், அப்புறம்தான் என்ன வேண்டும் என்று யோசிக்கிறார்கள். பாண்டி பஜாரில் விளக்கு வெளிச்சத்தில் நாலு டப்பாவை எதிரே அடுக்கி வைத்தால், தேவை எது ஆசை எது என்று பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். முதல் மூன்று படிகளுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. பணம் மிச்சமாவதும் பெரும்பாலும் அங்கேதான்.

1. வீட்டில் இருப்பதை எல்லாம் வெளியே எடுத்து வையுங்கள்

குளியலறை, கண்ணாடி அலமாரி, கைப்பை, ஆபீஸ் டிராயர் என்று எல்லா இடத்திலிருந்தும் எடுத்து ஒரு பாயில் பரப்புங்கள். மூன்று குவியல் போதும். தீரப்போவது, பாதியில் நின்றது, காலாவதியானது.

பாதியில் நின்ற குவியலைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். ஏன் நின்றது? பிசுபிசுப்பா, வாசனை பிடிக்கவில்லையா, எரிச்சலா, மூடி உடைந்ததா? ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் எதை வாங்கக்கூடாது என்கிற பட்டியல். பலருடைய வீட்டிலும் இந்தக் குவியலில் ஒரே மாதிரிப் பொருள் இரண்டு மூன்று இருக்கும். குளிர்நாட்டுக்குச் செய்த கெட்டிக் கிரீமை மே மாத வெயிலில் ஒரு வாரம் போட்டுவிட்டுத் தூக்கி வைத்திருப்பார்கள். மறு வருடம் அதே கிரீமை இன்னொரு டப்பாவில் வாங்கியிருப்பார்கள்.

தேதி பார்க்கும்போது இரண்டு விஷயம். ஒன்று, அச்சிட்ட காலாவதி மாதம். இன்னொன்று, திறந்த டப்பா போன்ற சின்னப் படத்துக்குள் 6, 12 என்று ஓர் எண். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம்தான் நல்லது என்று அர்த்தம். இந்தச் சின்னம் எல்லாப் பொருளிலும் இருக்காது. இருந்தால் இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதைக் கணக்கில் எடுங்கள்.

2. தோல் எந்த வகை என்று பாருங்கள்

ராத்திரி வேலையெல்லாம் முடிந்த பிறகு, வழக்கமான ஃபேஸ்வாஷால் முகம் கழுவித் துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் எதுவும் போடாமல் ஃபேனுக்குக் கீழே இருங்கள். பிறகு நெற்றி, மூக்கு, கன்னம், தாடை ஆகிய இடங்களில் மெல்லிய டிஷ்யூவை ஒற்றி எடுங்கள். எல்லா இடத்திலும் எண்ணெய் பட்டால் எண்ணெய்த் தோல். எங்கும் படாமல் முகம் இழுத்துப் பிடித்தால் வறண்ட தோல். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் பட்டால் இரண்டும் கலந்தது.

ராத்திரி பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்னைப் புழுக்கத்தில் பகலில் முகத்தில் இருப்பது வியர்வையா எண்ணெயா என்று தெரியாது. வியர்வையை எண்ணெய் என்று நினைத்து, எண்ணெயை உறிஞ்சும் ஃபேஸ்வாஷை ஒரு நாளைக்கு நாலு தடவை போட்டுத் தேய்த்து, தோலை வறளவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இத்துடன் இரண்டு கேள்வி. வீட்டில் என்ன தண்ணீர்? போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு சரியாக நுரைக்காது, தோலிலும் ஒரு படலம் தங்கும். அப்படி இருந்தால் முகத்துக்கு சோப்புக்கட்டியைத் தவிர்த்துவிட்டு மிதமான ஃபேஸ்வாஷ் வாங்குங்கள். அடுத்தது, பகலில் எங்கே இருக்கிறீர்கள்? ஓ.எம்.ஆர். பக்கம் நாள் முழுக்க ஏ.சி.யில் உட்காருகிறவருக்கும், வண்டியில் வெயிலில் சுற்றுகிறவருக்கும் தோல் ஒரே வகையாக இருந்தாலும் தேவை வேறு.

3. மூன்றே மூன்று பொருளுக்குப் பட்ஜெட் போடுங்கள்

கழுவ ஒன்று, ஈரப்பதத்துக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். இந்த மூன்றும் பழக்கமாகி ஒரு டியூப் தீரும் வரை சீரம் (திட்டு, பரு போன்றவற்றுக்கான செறிவான திரவம்), டோனர், மாஸ்க், ஸ்க்ரப் எதையும் தொடாதீர்கள். ஒரே நேரத்தில் ஆறு பொருள் ஆரம்பித்து முகம் சிவந்தால், எதனால் சிவந்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

பணத்தில் பாதியை சன்ஸ்கிரீனுக்கு ஒதுக்குங்கள். ஃபேஸ்வாஷ் முகத்தில் ஒரு நிமிடம் இருந்துவிட்டுத் தண்ணீரோடு போய்விடும். அதற்கு அதிக விலை கொடுப்பது வீண். சன்ஸ்கிரீன் மணிக்கணக்கில் தோலில் நிற்கிறது. கருமை, திட்டு, சுருக்கம் மூன்றுக்கும் வெயில் பெரிய காரணம். வெயிலைத் தடுக்காமல் திட்டுக்கு சீரம் வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி.

சன்ஸ்கிரீனில் எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு அளவு) 30 போட்டது, வெயிலில் தோலைச் சுடும் கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 போட்டது சுமார் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக இரு மடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை. அதைவிடப் போடும் அளவு முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். அது ஏறக்குறைய ஒரு கிராம். அந்தக் கணக்கில், தினமும் ஒரு தடவை போட்டாலே 50 கிராம் டியூப் ஏழு வாரம்தான் வரும். உங்களுடைய டியூப் ஆறு மாதம் வந்தால், அட்டையில் எழுதிய பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எனவே விலை உயர்ந்ததை வாங்கிப் பொட்டுப் பொட்டாக வைப்பதைவிட, மனசு கோணாமல் தாராளமாகப் போட முடிகிற விலையில் வாங்குங்கள். எஸ்.பி.எஃப். கூடவே பி.ஏ.+++ என்றும் இருக்க வேண்டும். தோலைக் கருக்கும் இன்னொரு வகைக் கதிருக்கு அதுதான் அளவு.

மாய்ஸ்சரைசர் எண்ணெய்த் தோலுக்கு ஜெல் வகை, வறண்ட தோலுக்கு லோஷன் அல்லது கிரீம். கிளிசரின் பட்டியலில் முன்னால் இருந்தால் போதும். மலிவான, நன்றாக வேலை செய்யும் பொருள் அது. எண்ணெய்த் தோல்காரர்கள் மாய்ஸ்சரைசரே வேண்டாம் என்று விடுவது பொதுவான தவறு. கழுவிக் கழுவி வறண்ட தோலில் சன்ஸ்கிரீனும் சமமாகப் பரவாது, திட்டுத் திட்டாக நிற்கும்.

4. லேபிளைப் படியுங்கள்

முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். "இயற்கை", "ஆயுர்வேத முறை", "டெர்மட்டாலஜிஸ்ட் பரிந்துரை" எல்லாம் முன்பக்கத்து வார்த்தைகள். பின்பக்கத்தில் பார்க்க வேண்டியவை வேறு.

தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, தயாரிப்பு லைசென்ஸ் எண், பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரான சரக்குக்கான எண்), காலாவதி தேதி. 2020-இல் வந்த அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி இவை இருந்தே ஆக வேண்டும். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண் வேண்டும். பர்மா பஜாரிலோ வேறு எங்கோ வாசனைத் திரவியமும் லிப்ஸ்டிக்கும் பளபளவென்று கிடைக்கும்போது முதலில் இந்த ஸ்டிக்கரைத் தேடுங்கள். இல்லை என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். ஏதாவது ஆனால் கேட்பதற்கு இந்தியாவில் ஆளே இல்லை.

அடுத்து, சேர்மானப் பட்டியல். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவை அதிகத்திலிருந்து குறைவுக்கு வரிசையாக வரும். அதற்குக் கீழே உள்ளவை எந்த வரிசையிலும் வரலாம். "குங்குமப்பூ கிரீம்" என்று பெரிதாகப் போட்டு, குங்குமப்பூ பட்டியலின் கடைசியில் வாசனைப் பொருளுக்கும் பின்னால் இருந்தால், நீங்கள் பணம் கொடுப்பது பெயருக்கு. 60 மில்லிக்கும் 30 கிராமுக்கும் குறைந்த சின்ன பேக்கில் இந்தப் பட்டியல் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சின்னது வாங்கும்போது அதே பொருளின் பெரிய டப்பாவைக் கையில் எடுத்துப் படித்துவிட்டு, சின்னதை வாங்குங்கள்.

குளியல் சோப்புக்குத் தனிக் கணக்கு உண்டு. உறையில் டி.எஃப்.எம். என்று ஒரு சதவீதம் இருக்கும். சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தர நிர்ணயப்படி 76 சதவீதமும் அதற்கு மேலும் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். "பேத்திங் பார்" என்று எழுதியிருந்தால் அது இந்தக் கணக்கிலேயே வராத வேறு வகை, கொழுப்பு இன்னும் குறைவாக இருக்கலாம். முதல் தர சோப்பு சீக்கிரம் கரையாது, தோலையும் அவ்வளவாக வறட்டாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விலை வித்தியாசம் பெரும்பாலும் சில ரூபாய்தான். சோப்பு வாங்கும்போது வாசனை பார்க்கும் நேரத்தில் பாதியை இந்த எண்ணைத் தேடுவதற்குக் கொடுங்கள்.

இனி, தொடவே கூடாத இரண்டு.

ஒன்று, தயாரிப்பாளர் விவரம் இல்லாத சிவப்பழகு நைட் கிரீம்கள். ஒரு வாரத்தில் நிறம் மாறினால் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். கண்ணைச் சுற்றிப் போடுவதைத் தவிர மற்ற அழகுசாதனப் பொருட்களில், தெரியாமல் கலந்ததாக இருந்தாலும் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். 2023-இல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில், இப்படிப்பட்ட கிரீம்களைப் பயன்படுத்தியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். முகத்தில் தடவுவது சிறுநீரகம் வரை போகும். இதை வீட்டில் வயசுப் பெண்களிடம் உட்கார்ந்து சொல்லுங்கள்.

இரண்டு, மெடிக்கல் ஷாப்பில் "முகத்துக்கு நல்ல கிரீம்" என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கப்படும் டியூப். அதில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு மருந்து. மருத்துவர் எழுதிக் கொடுத்தால், அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, சின்ன ரத்தக் குழாய்கள் தெரிந்து, நிறுத்தியதும் முகம் கொதிக்கும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒத்துக்கொண்டது என்பதெல்லாம் இதில் செல்லாது.

5. கிராமுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்

இப்போதுதான் விலை. அட்டையில் எம்.ஆர்.பி. பக்கத்தில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு இவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். அதை ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் போனில் வகுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, ஒரு லோஷன் 15 மில்லி 99 ரூபாய், 50 மில்லி 299, 100 மில்லி 449 என்று வைத்துக்கொள்வோம். மில்லிக்கு முறையே 6.60, 5.98, 4.49 ரூபாய் ஆகிறது. பெரியதுதான் லாபம் என்று தோன்றும். ஆனால் புதிதாக முயற்சி செய்கிறீர்கள் என்றால் 15 மில்லிதான் சரி. ஒத்துக்கொள்ளாவிட்டால் நஷ்டம் 99 ரூபாய், 449 இல்லை. ஒத்துக்கொண்டது உறுதியான பிறகு பெரியதுக்குப் போங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், டால்கம் பவுடர் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. முகக் கிரீம், லிப்ஸ்டிக் பழைய 18 சதவீதத்திலேயே இருக்கின்றன. பரிசுப் பை குறைந்த விலையில் நிறைவாக இருக்க வேண்டுமானால் முதல் வகையிலிருந்து அதிகம் எடுங்கள்.

எம்.ஆர்.பி.யைவிட ஒரு ரூபாய் கூடக் கேட்டாலும் அது சட்டப்படி தப்பு. அச்சிட்ட விலையை மறைத்து மேலே அதிக விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள். புகார் சொல்ல 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

6. எதை எங்கே வாங்குவது

சன்ஸ்கிரீன், ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர் மூன்றையும் வியாபாரம் ஓடுகிற மெடிக்கல் ஷாப்பிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ வாங்குங்கள். சரக்கு வேகமாக நகரும் இடத்தில் தேதி புதிதாக இருக்கும். வெயில் அடிக்கும் கண்ணாடி ஷோகேஸில் மாதக்கணக்கில் நிற்கும் டியூபை எடுக்காதீர்கள். ஆன்லைனில் வாங்கினால் விற்பவர் பெயரைப் பாருங்கள். வந்ததும் அட்டையில் உள்ள பேட்ச் எண்ணும் டியூபில் உள்ள பேட்ச் எண்ணும் ஒன்றுதானா என்று சரி பாருங்கள். அட்டை ஒன்று, உள்ளே வேறு ஒன்று என்றால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.

சீப்பு, கிளிப், பவுடர் பஃப், சின்னக் கண்ணாடி, வளையல், பை, பெட்டி, ரிப்பன் இவை எல்லாம் பாரிமுனை, சவுகார்பேட்டைப் பக்கத்து மொத்தக் கடைகளில். டஜன் கணக்கில் எடுத்தால்தான் விலை இறங்கும். அதனால் பரிசுக்குப் போகும்போது மட்டும் போங்கள். ஒரு கிளிப்புக்காகப் போனால் மெட்ரோ டிக்கெட் காசுகூடக் கட்டாது. ஞாயிறு பல மொத்தக் கடைகள் இருக்காது, வார நாளில் காலையில் போங்கள். தி.நகர் ரங்கநாதன் தெருவும் புரசைவாக்கமும் சில்லறைக்கு நல்லது. ஆனால் முகத்தில் போடும் பொருளைப் பிளாட்பாரத்தில் வாங்காதீர்கள், தலையில் மாட்டுவதை வாங்கலாம்.

வெட்டிவேர், ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு போன்றவற்றுக்கு மயிலாப்பூர் கச்சேரி சாலையிலும் பூங்கா நகர் ராசப்ப செட்டி தெருவிலும் உள்ள நாட்டு மருந்துக் கடைகள். பொடியாக வாங்காமல் முழுசாக வாங்குங்கள். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வேரையும் பூவையும் முகர்ந்து பார்க்கலாம், பூசணம் இருந்தால் தெரிந்துவிடும்.

7. முகத்தில் போடும் முன் கையில் போட்டுப் பாருங்கள்

முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் தடவுங்கள். ஒரே நாளில் எதுவும் ஆகவில்லை என்றால் போதாது. சில ஒவ்வாமைகள் மூன்றாம் நாள், நான்காம் நாள்தான் தலைகாட்டும். ஃபேஸ்வாஷ் என்றால் வழக்கமாக முகத்தில் எவ்வளவு நேரம் வைப்பீர்களோ அவ்வளவு நேரம் வைத்துக் கழுவிவிடுங்கள். சிவப்பு, அரிப்பு, கொப்புளம் வந்தால் நிறுத்திவிட்டு அட்டையைப் பத்திரமாக வையுங்கள். குறையவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எல்லாவற்றிலும் தோல் பிரிவு இருக்கிறது.

பிறகு ஒரு பொருள் ஆரம்பித்து இரண்டு வாரம் கழித்து அடுத்த பொருள். போடும் வரிசை: கழுவுதல், மாய்ஸ்சரைசர், கடைசியாக சன்ஸ்கிரீன். வெளியே இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னால் போட்டுவிட்டால் வியர்ப்பதற்குள் படிந்துவிடும். வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடியும் போட வேண்டும்.

8. பரிசு: முகத்துக்குப் போடுவதைக் கொடுக்காதீர்கள்

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒருவருடைய தோல் உங்களுக்குத் தெரியாது. மேலே சொன்ன சோதனை எதையும் அவருக்குப் பதிலாக நீங்கள் செய்யவும் முடியாது. அதோடு, பரு கிரீமையோ சிவப்பழகுக் கிரீமையோ கொடுத்தால், வாங்குகிறவர் அதை "உன் முகத்தில் இது குறை" என்றுதான் படிப்பார். பதினாறு வயசுப் பிள்ளைக்கு அது ரொம்ப நாள் வலிக்கும்.

கை, கால், உதடு, முடி, குளியல். இந்த ஐந்துக்குள் நில்லுங்கள். யாருக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகும், தீரும் வரை பயன்படும்.

ஆளுக்கு ஏற்ப இப்படி யோசிக்கலாம். பாட்டி, தாத்தாவுக்குக் கால் வெடிப்புக்கான கிரீம், தோலை மென்மையாக்கும் யூரியா 10 சதவீதம் உள்ளது நன்றாக இருக்கும். கூடவே பெட்ரோலியம் ஜெல்லியும் மெல்லிய பருத்தி சாக்ஸும். தடவிவிட்டு அப்படியே நடந்தால் வழுக்கும், அதனால் சாக்ஸ் இல்லாமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குக் கைக்கான கிரீமும் நல்ல ரப்பர் கையுறையும். பாத்திர சோப்பில் விரல் இடுக்கு வெடித்துப் போயிருப்பதைக் கவனித்துப் பாருங்கள். தீபாவளிக்குப் புடவையோடும் போனஸோடும் சேர்த்துக் கொடுங்கள், அதற்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். அப்பா, அண்ணன், தம்பிக்கு ஷேவிங் கிரீம், படிகாரக் கட்டி, முதல் தர சோப்பு. கல்லூரிப் பிள்ளைகளுக்கு லிப் பாம், சீப்பு, சின்னப் பை. கர்ப்பிணிக்கு வாசனை அதிகமான எதுவும் வேண்டாம், குமட்டும். ரெட்டினால் (வைட்டமின் ஏ வகைப் பொருள்) உள்ள கிரீம் அறவே கூடாது. கைக்குழந்தைக்கு எதுவுமே வாங்காதீர்கள், அம்மாவிடம் கேட்டு அவர் ஏற்கெனவே பயன்படுத்துவதை வாங்கிக் கொடுங்கள்.

வாசனை பிடிக்கிறவர்களுக்குத் திருவல்லிக்கேணி பக்கத்து அத்தர் கடைகளில் சின்ன பாட்டில் வாங்கலாம். மல்லிகை, வெட்டிவேர், சந்தனம் என்று தெரிந்த வாசனையாக எடுங்கள். தோலில் படாமல் துணியில் தொட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள்.

9. வளைகாப்பு, நவராத்திரி, கிரகப்பிரவேசம்: மொத்தமாகப் பை போடும் வரிசை

முதலில் தலைக்கு எவ்வளவு என்று முடிவு செய்யுங்கள், பொருளை அப்புறம். 100 ரூபாய் என்றால் அதில் 15 ரூபாய் பைக்கும் சீட்டுக்கும் போய்விடும். மீதி 85-இல் ஒரு நல்ல சோப்பும், ஒரு சீப்போ சின்னக் கண்ணாடியோ, வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமமும் வைக்கலாம். இரண்டு நல்ல பொருள் போதும். ஆறு மலிவுப் பொருளைத் திணித்தால் பை குண்டாகத் தெரியும். ஆனால் மறுநாள் அதில் நாலு குப்பைக்குப் போகும்.

இரண்டாவது, எண்ணிக்கை. அழைப்பு எத்தனையோ அதற்குப் பத்தில் ஒரு பங்கு கூட. நவராத்திரிக்கு வீட்டுக்கு வருகிறவர் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டுதான் வருவார்.

மூன்றாவது, ஒரு மாதிரிப் பையை முழுசாகச் செய்து, அதை ஒரு நாள் வெளியில் வைத்துப் பாருங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சோப்பின் வாசனை வெற்றிலையிலும் கற்கண்டிலும் ஏறிவிடும். தின்பண்டத்தைத் தனி உறையில் போட வேண்டும் என்று அப்போதுதான் தெரியும். குங்குமப் பொட்டலம் பிரிந்து எல்லாவற்றையும் சிவப்பாக்குமா என்பதும் தெரிந்துவிடும். மே மாதம் என்றால் லிப் பாம் உருகுகிறதா என்றும் பாருங்கள். உருகினால் அதை எடுத்துவிட்டுச் சீப்பு வையுங்கள்.

நான்காவது, எல்லாப் பொருளிலும் காலாவதிக்கு இன்னும் ஒரு வருடமாவது இருக்கிறதா என்று பெட்டி பெட்டியாகச் சரி பாருங்கள். மொத்தக் கடையில் ஒரே பெட்டியில் இரண்டு பேட்ச் கலந்திருப்பது சாதாரணம். மேலே இருக்கும் வரிசையை மட்டும் பார்த்தால் போதாது, அடியிலிருந்தும் ஒன்றை உருவிப் பாருங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள், திருப்பிக் கொடுக்க அதுதான் சாட்சி.

கையால் செய்த சோப்பு அழகாக இருக்கும். விற்பனைக்கு என்றால் அதற்கும் தயாரிப்பு லைசென்ஸ் வேண்டும். லேபிளில் எண் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

10. வீட்டிலேயே நலங்கு மாவு செய்து கொடுப்பதாக இருந்தால்

நெருங்கிய சொந்தத்துக்குக் கொடுக்க இதைவிட நிறைவான பொருள் எனக்குத் தெரியாது. குளிக்கும்போது உடம்புக்குத் தேய்க்கும் மாவு, செலவும் குறைவு. ஆனால் அவசரமாகச் செய்யக்கூடாது.

அளவு: பச்சைப்பயறு 500 கிராம், கஸ்தூரி மஞ்சள் 50, பூலாங்கிழங்கு 50, காய்ந்த ஆவாரம்பூ 50, காய்ந்த பன்னீர் ரோஜா இதழ் 50, வெட்டிவேர் 25, கோரைக்கிழங்கு 25. பல பட்டியல்களில் கார்போக அரிசியும் இருக்கும். நான் சேர்ப்பதில்லை, நீங்களும் பரிசுக்குச் செய்வதில் சேர்க்காதீர்கள். அதில் உள்ள சோரலென் என்ற பொருள் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். குளித்துவிட்டு நேராக வெயிலில் இறங்கினால் தோல் கருத்துப் புண்ணாகவும் வாய்ப்புண்டு. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் போகக்கூடாது என்பதற்கும் இதே காரணம்தான்.

வேரையும் கிழங்கையும் உரலில் தட்டி உடைத்து, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். ஒடித்தால் "டக்" என்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பூவையும் இதழையும் நிழலில் காய வைத்தால் போதும், வெயிலில் வாசனை போய்விடும். தீபாவளிக்குக் கொடுப்பதாக இருந்தால் மழை பிடிக்கும் முன், செப்டம்பரிலேயே காய வைத்து அரைத்துவிடுங்கள். அக்டோபர் பிறந்தால் சென்னையில் வெயிலை நம்பி எதையும் பரப்ப முடியாது.

அரைக்கும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மாவு மில்லில் சீயக்காய்க்குத் தனி மிஷின் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் அரைக்கச் சொல்லுங்கள். முன்னால் என்ன அரைத்தார்கள் என்றும் கேளுங்கள். மிளகாய் அரைத்த மிஷினில் உங்கள் மாவு போனால், அடுத்த நாள் காலை குளியலறையிலிருந்து அலறல் கேட்கும். முதலில் ஒரு கைப்பிடி பச்சைப்பயறை மட்டும் ஓட்டி, அந்த மாவைத் தனியாக எடுத்துவிட்டு மீதியைப் போடச் சொன்னால் இன்னும் பத்திரம். வீட்டுக்கு வந்ததும் மாவு சூடாக இருக்கும். பேப்பரில் பரப்பி ஆறவிட்டு, மெல்லிய துணியில் சலித்து, நன்றாகக் காய்ந்த டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.

ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள். என்னென்ன சேர்ந்திருக்கிறது, எந்த மாதம் அரைத்தது, ஈரக்கை போடாமல் ஸ்பூனால் எடுக்கவும், கையில் தடவிப் பார்த்த பிறகு பயன்படுத்தவும். நாலே வரி. யாருக்காவது ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளாது என்றால் அந்தச் சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். ஆண்கள் சிலருக்கு மஞ்சள் நிறம் பிடிக்காது, அவர்களுக்கான டப்பாவில் கஸ்தூரி மஞ்சளை விட்டுவிட்டு அரைக்கலாம்.

11. வைத்துக்கொள்ளும் முறை

சன்ஸ்கிரீனை வண்டி டிக்கியிலும் கார் டேஷ்போர்டிலும் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் கிரீம் பிரிந்து, தண்ணீர் தனியாக எண்ணெய் தனியாக வரும். அப்படி வந்தால் குலுக்கிப் போடாமல் தூக்கிப் போடுங்கள். டப்பாவில் விரலை விட்டு எடுப்பதைவிட டியூப், பம்ப் வகை நல்லது. டப்பாதான் கிடைத்தது என்றால் சின்ன ஸ்பூன் ஒன்றை உள்ளேயே போடாமல் வெளியே கழுவிக் காய வைத்துப் பயன்படுத்துங்கள். சோப்புக்கு ஓட்டை போட்ட தட்டு வேண்டும். தண்ணீர் தேங்கும் தட்டில் முதல் தர சோப்பும் ஒரே வாரத்தில் கூழாகிவிடும்.

புதிதாகத் திறக்கும் ஒவ்வொன்றின் அடியிலும் திறந்த மாதத்தை மார்க்கர் பேனாவால் எழுதுங்கள். தீரும் அன்று அதைப் பார்த்தால் எத்தனை வாரம் வந்தது என்று தெரியும். அடுத்த தடவை எந்த அளவு பேக் வாங்குவது, தீபாவளித் தள்ளுபடியில் எத்தனை எடுத்து வைப்பது என்பதற்கு அந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.